ஆதரவாளர் என்றொரு சொல்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை பாடசாலையில், இரண்டு பாடவேளைகளுக்கு இடையில். இரண்டாம் தடவை வீட்டில், கோபம் ஆறட்டும் என்று இராச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆறவில்லை. எமது சமூகத்தில் இருக்கும் அடிப்படைவாதிகளையும் அவர்களின் ஆதரவாளர்களையும் இனங்காட்டுவது எழுத்தாளனின் கடமை என்பது அவரது வாதத்தின் சாரம். அவரது பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை. கருத்தோடு சண்டை பிடிக்க ஆளின் பெயர் கட்டாயமில்லை என்பது எனது எண்ணம்.

2019 ஏப்ரல் 21 பற்றி எனக்கும் அவருக்கும் பிணக்கில்லை. பெருநாள் பூசைக்கு வந்திருந்த சிறு பிள்ளைகள் உட்பட 260க்கு மேற்பட்டோரைக் கொன்றவர்கள் கொலைகாரர்கள். அந்தச் சொல் போதும், அதற்கு முன்னால் அடைமொழி எதுவும் தேவையில்லை. எனது பிணக்கு நண்பரின் வாக்கியத்தின் பிற்பாதியோடு. 'ஆதரவாளர்' என்ற சொல்லை அவர் எழுதியிருக்கும் லேசுத்தனத்தோடு. வன்னியில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் அடிவயிறு கலங்கும். கொழும்பிலிருந்து எழுதும் நண்பருக்கு அது விளங்காமல் இருக்கலாம். ஆகவே எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து தொடங்குகிறேன்.

எனது ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று. முள்ளியவளை எங்கே முடிகிறது, தண்ணீரூற்று எங்கே தொடங்குகிறது என்று வெளியூர் ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். பாங்குச் சத்தமும் கோயில் மணியும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகும் சனத்துக்கு உம்மா வாசலில் மோர் கரைத்து வைப்பார். எண்பதுகளின் நடுப்பகுதியில், எனக்கு ஐந்தாறு வயதிருக்கும், பக்கத்து வீடுகளைப் போல எங்கள் வீட்டுக்கும் சோற்றுப் பார்சல் சொல்லி வருவார்கள். சில நாட்களில் ஐந்து, சில நாட்களில் பத்து. 'பொடியள்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எந்த இயக்கம், எந்தக் கொள்கை என்று உம்மா கேட்டதில்லை. பசியோடு நிற்கிற யாரோ பெற்ற பிள்ளைகள், அவ்வளவுதான் அவருக்கு. சோற்றுக்கு மேல் ஒரு துண்டுப் பொரித்த மீன் வைத்து வாழையிலையில் கட்டுவார்.

பிறகு ஒரு காலம், பார்சல் கொடுத்த வீடுகள் எவை என்று கேட்டுச் சீருடைக்காரர்கள் வந்தார்கள். வாப்பாவை ஒரு பகல் முழுதும் வீதியோரத்தில் முழங்காலில் வைத்திருந்தார்கள். அவர் அன்றைக்குப் புலி ஆதரவாளர்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரையும், ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணித்தியாலம். நாங்களும் உடுத்த உடுப்போடு புறப்பட்டோம். எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்களாம். கிழக்கில் அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டிருந்தார்கள். ஊர்காவல் படையில் இருந்த எம்மவர் சிலரும் தமிழ்க் கிராமங்களில் பாதகம் செய்திருந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் தண்ணீரூற்றில் அடுப்படியில் நின்ற என் உம்மா யாரைக் காட்டிக் கொடுத்தார்? நாலைந்து வருட இடைவெளியில், அதே குசினியில் அதே அகப்பையைப் பிடித்த மனுசிக்கு, ஒரு தரப்பிடம் ஆதரவாளர் என்று பெயர், மறு தரப்பிடம் துரோகி என்று பெயர். இரண்டு தரப்பும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஏற்றுக்கொண்டார். உம்மா அதைப் புத்தளத்தில் வானொலியில் கேட்டார். கேட்டுவிட்டு அரிசி களைய எழும்பிப் போனார்.

ஒருவர் பின்னால் ஒருவர் போவதைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. அடியார், தொண்டர், சீடர், பக்தர், விசுவாசி, தோழர், உறுப்பினர், அனுதாபி, ஆதரவாளர், வெறியர். ஒவ்வொன்றுக்கும் தூரம் வேறு. சீடர் முன்னால் அமர்ந்து பாடம் கேட்டவர். அனுதாபி வீதிக்கு மறுபக்கம் நின்று மனசுக்குள் நல்லது நினைத்தவர், அதற்குமேல் ஒன்றும் செய்யாதவர். விசுவாசி என்ற சொல் குர்ஆன் மொழிபெயர்ப்பிலும் வரும், கட்சிக் கூட்டத்திலும் வரும். அடியார் என்ற சொல்லை நாயன்மாருக்குச் சைவர்கள் சொல்வது போலவே அல்லாஹ்வின் நல்லடியார் என்று நாங்களும் சொல்கிறோம். தொண்டர் என்பது பெரியபுராணத்தில் ஒரு பொருள், தேர்தல் மேடையில் இன்னொரு பொருள். நானே சில வருடம் தொண்டராக இருந்தவன். புத்தளத்து முகாம் பாடசாலையில் 'தொண்டர் ஆசிரியர்'. சம்பளம் இல்லாத வாத்தியார் என்று அர்த்தம். கலாசாலைக்குப் போய்ப் பயிற்சி பெற்ற பிறகுதான் அந்த அடைமொழி கழன்றது.

தலைவர்களுக்கு இந்தச் சொற்களின் பெறுமதி நன்றாகத் தெரியும். அண்ணாதுரை தன் கட்சிக்காரனுக்குத் தம்பி என்று கடிதம் எழுதினார். கருணாநிதி உடன்பிறப்பே என்றார். பின்னால் வருகிறவனை வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டால் அவன் கணக்கு வழக்குக் கேட்கமாட்டான் அல்லவா? எங்கள் பக்கத்தில் புலிகள் இன்னும் நுணுக்கமாகப் பட்டியல் போட்டார்கள். உயிரோடு ஆயுதம் ஏந்தினால் போராளி. இறந்தால் மாவீரர், அவருக்கென 1989 முதல் நவம்பர் 27. ஆயுதம் ஏந்தாமல் துணை நின்று இறந்தவர் நாட்டுப்பற்றாளர். கற்றோரிலும் பிரமுகரிலும் தெரிந்தெடுத்த சிலருக்கு மாமனிதர். இத்தனை படி வைத்தவர்கள், படியிலே ஏறாமல் கீழே நின்றவனுக்குத் துரோகி என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அரசாங்கத்திடம் அதுவும் இல்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எல்லாப் படியும் ஒரே படி. சும்மா இருந்தவன், பயத்தில் தலையாட்டியவன், சோறு போட்டவன், மகனைப் பறிகொடுத்தவன் என்று வன்னியில் வாழ்ந்த பெருவாரியான சனத்துக்கு இரண்டு தரப்பு அகராதியிலும் சொல்லே இருக்கவில்லை.

நமது மார்க்கத்தின் பழைய சொற்களை நண்பர் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நபியவர்களோடு இருந்தவர்களை ஸஹாபாக்கள் என்கிறோம். தோழர் என்று பொருள். பின்தொடர்ந்தவர் என்று பொருள்படும் தாபிஈ என்ற சொல் நபியவர்களைக் காணாத, ஸஹாபாக்களுக்கு அடுத்த தலைமுறைக்கு வைத்தது. மக்காவைவிட்டுப் போனவர்கள் முஹாஜிர்கள், இடம் கொடுத்த மதீனாவாசிகள் அன்சார்கள். போனவர், உதவியவர். மனிதர்கள் என்ன செய்தார்களோ அதுவே பெயராயிற்று. தரீக்காவில் சேர்ந்தவரை முரீது என்கிறோமே, அந்த அரபுச் சொல்லுக்கு நாடுபவர் என்பதே பொருள். புத்தளத்தில் ஒரு மௌலவி ஜும்ஆவில் எங்களை முஹாஜிர்கள் என்றும் ஊரவரை அன்சார்கள் என்றும் சொன்ன அன்று எங்கள் முகாம் ஆண்கள் பலர் அழுதார்கள். வெளியில் எங்களுக்கு அகதி என்று பெயர்.

ஆங்கிலேயன் எங்களை முகம்மதியர் என்றான். 1806இல் தொகுத்த சட்டக் கோவைக்கே முகம்மதியச் சட்டம் என்றுதான் பெயர். கிறிஸ்துவைப் பின்பற்றுபவன் கிறிஸ்தவன், ஆகவே முகம்மதைப் பின்பற்றுபவன் முகம்மதியன் என்று அவனுக்கு நேர்கணக்கு. ஒரு மனிதரை வணங்குகிறவர்கள் என்ற தொனி அதற்குள் இருந்தது. 1882இல் சித்திலெவ்வை தன் பத்திரிகைக்கு 'முஸ்லிம் நேசன்' என்று பெயர் வைத்தார். நாங்கள் எங்களை எப்படி அழைக்கிறோமோ அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே போட்டார். எமது இலக்கிய மரபு அங்கிருந்து வருவதாக மேடைதோறும் பெருமைப்படுகிறோம்.

அந்த மரபில் வந்த நாங்கள் எங்களுக்குள் என்ன செய்தோம்? வஹாபி, தௌஹீத்காரன், கபுறு வணங்கி, முஷ்ரிக், முர்தத். இதில் எதுவும் ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரல்ல. வஹாபி என்ற சொல்லையே எடுங்கள். 1792இல் மரணித்த முஹம்மத் இப்னு அப்துல் வஹாபின் வழியில் நிற்பவர்கள் அந்தப் பெயரை ஏற்பதில்லை. வஹ்ஹாப் என்பது அல்லாஹ்வின் திருநாமம், வழங்குபவன். திட்டுவதற்கு எடுத்த சொல்லுக்குள் அந்த நாமம் இருப்பதைத் திட்டுபவர் கவனிப்பதில்லை. மறுபக்கம் நிரபராதி என்று நினைக்க வேண்டாம். 2006 டிசம்பரில் காத்தான்குடியில் அடக்கப்பட்ட ஒரு சூபிப் பெரியவரின் ஜனாஸாவைத் தோண்டி எடுத்தார்கள். முர்தத் என்ற ஒரு சொல் மையவாடி மண்ணையே கிளறியது. 2017 மார்ச்சில் அதே ஊரில் சஹ்ரானின் ஆட்கள் வாளோடு இறங்கியதற்கு முன்னரும் இத்தகைய சொற்கள் ஒலிபெருக்கியில் வந்துகொண்டுதான் இருந்தன. நண்பர் இதையெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, மருந்தாக அதே கசாயத்தை எதிர்ப்பக்கத்துக்குக் காய்ச்சிக் கொடுக்கிறார்.

இந்த 'வாதி' என்ற விகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிப்படைவாதி, தீவிரவாதி, பயங்கரவாதி. நீதிமன்றத்தில் வாதி என்றால் முறைப்பாடு கொண்டு வந்தவன். நமது பத்திரிகைகளில் வாதி என்று முடிகிற பெயர்களில் மிதவாதி ஒருவனைத் தவிர மற்றெல்லோரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். அடிப்படைவாதி என்று நாங்கள் மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல் 1920இல் அமெரிக்கப் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர்கள் தங்களைத் தாங்களே பெருமையாக அழைக்க உண்டாக்கியது. அது கடல் தாண்டி வந்து எங்கள் ஊர்த் தாடிக்காரனின் தலையில் இறங்கியிருக்கிறது.

2021 மார்ச்சில் வந்த விதிகள், தீவிர மதக் கருத்துடையோர் என்று கருதப்படுவோரைப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்ப இடம் கொடுத்தன. உயர் நீதிமன்றம் அதே வருடம் அவற்றை இடைநிறுத்தியது. 2021 ஏப்ரலில் 11 அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. அவற்றில் சிலவற்றின் தடை 2023இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த அமைப்புகளின் கூட்டத்துக்குப் போனவன், உண்டியலில் நூறு ரூபா போட்டவன், அவர்கள் கொடுத்த நோன்புக் கஞ்சியை வாங்கிக் குடித்தவன் எல்லாம் எந்தக் கோப்பில் எந்தப் பெயரில் எழுதப்பட்டார்கள்?

இலக்கியக்காரர்களான எங்களுக்கு இன்னும் கிட்ட நடந்தது மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் விடயம். என்னைப்போல் ஓர் ஆசிரியர், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். 2017இல் வெளியான 'நவரசம்' என்ற கவிதை நூலைக் காரணம் காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்தார்கள். வன்முறைக்கும் தீவிரவாதத்துக்கும் எதிரான கவிதைகள் அந்நூலில் இருப்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் காணலாம். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒரு கவிஞன் உள்ளே இருக்க, தமிழ் வாசிக்கத் தெரிந்த எங்களில் எத்தனை பேர் அந்த நூலைப் பற்றி எழுதினோம்? சிலர் எழுதினார்கள், அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும். பலர் பொறுத்திருந்து பார்த்தோம். எழுதினால் 'ஆதரவாளர்' ஆகிவிடுவோமோ என்ற பயம். நானும் பொறுத்திருந்தவன்தான். அந்த வெட்கத்தில் பாதிதான் இந்தக் கட்டுரை.

மற்றவனைச் சொல்லும்போதும் எங்கள் வாய் சுத்தமில்லை. நாங்கள் 2010இல் மீளக்குடியேறினோம். எங்கள் பாடசாலைக்கு எதிரே சைக்கிள் திருத்தும் தமிழ்த் தம்பி ஒருவர் இருக்கிறார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை, பொய்க்கால். கடைக்குக் கூரை ஒழுகுகிறது என்று எங்கள் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றின் கடையறையை வாடகைக்குக் கேட்டார். நிர்வாகக் கூட்டத்தில் ஒரு ஹாஜியார் சொன்னார், "அவன் புலி. எங்களத் துரத்தினவன்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். அறை கொடுபடவில்லை. நாங்கள் துரத்தப்பட்ட 1990 ஒக்டோபரில் அந்தத் தம்பி பிறக்கவேயில்லை.

அடுத்த நாள் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனபோது எனக்கு முகம் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவருக்கு விடயம் தெரிந்திருந்தது.

"பரவாயில்ல சேர். உங்கட ஆக்கள் சொல்லுறதும் ஒரு நியாயம்தானே."

"நீர் இயக்கத்துக்கு எப்ப போன நீர், தம்பி?"

பம்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நான் போகேல்ல சேர். கொண்டு போனவை. ரெண்டாயிரத்தெட்டில. அப்ப எனக்குப் பதினேழு வயசு. வீட்டுக்கு ஒராள் எண்டு சட்டம், அக்காவுக்கு முதல் மாசம்தான் கலியாணம் முடிஞ்சது, மிச்சம் நான்."

மூன்று மாதப் பயிற்சி. கால் போனது விசுவமடுவில். பிறகு முகாம், பிறகு புனர்வாழ்வு. யுத்தம் முடிந்தபின் புனர்வாழ்வு பெற்ற சுமார் 12,000 பேரில் அவரும் ஒருவர். அரச கடிதத்தில் அவர் 'முன்னாள் போராளி'. சொந்த ஊரில் சிலருக்கு அவர் சரணடைந்தவன். எங்கள் ஹாஜியாருக்குப் புலி. தானாகப் போனவனுக்கும் தாயின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப்பட்டவனுக்கும் ஒரே பெயர் இருப்பதை இலக்கணம் படிப்பிக்கும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. போனேன் என்பது தன்வினை. கொண்டு போனார்கள் என்பதில் அவன் எழுவாயே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய வித்தியாசம் இது.

நண்பர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியும். செயலை மட்டும் பார்த்தால் செயல் நடந்து முடிந்த பிறகுதானே பேசலாம், கருத்து ஆபத்தானது இல்லையா என்பார். ஆபத்தானதுதான். அப்படியானால் கருத்தை எழுதுங்கள். இன்ன பயானில் இன்னது சொல்லப்பட்டது, அது குர்ஆனுக்கு முரண், அது அயலவனின் உயிருக்குக் கேடு என்று பக்கம் பக்கமாக எழுதுங்கள். நானும் கூட நிற்கிறேன். வாளைத் தூக்கியவனை வாள் தூக்கியவன் என்று எழுதுங்கள். பணம் கொடுத்தவனைப் பணம் கொடுத்தவன் என்று, தெரிந்துகொண்டே கொடுத்தானா தெரியாமலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறுமனே பின்னால் நின்று தொழுதவனுக்கு ஒரு பெயர் வைத்து அச்சிலே ஏற்றாதீர்கள். அச்சில் ஏறிய பெயர் எங்கே போகும் என்பது கொழும்பில் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். 2019 நடுப்பகுதியில் ஒரு நாள் இரண்டு பேர் பாடசாலைக்கு வந்தார்கள். புத்தளத்தில் வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் ஓடும் என்று அதிபர் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு படிவம். ஊர், பள்ளிவாசல், அதற்குப் பக்கத்தில் தௌஹீத் ஆட்கள் எத்தனை பேர் என்று நிரப்ப ஒரேயொரு நிரல். நான் ஆசிரியன் அல்லவா, விளங்கப்படுத்தத் தொடங்கிவிட்டேன். தப்லீக் ஜமாஅத்தில் நாற்பது நாள் போகிறவர் வேறு, ஜமாஅத்தே இஸ்லாமியின் வாசிப்பு வட்டத்துக்குப் போகிறவர் வேறு, தௌஹீத் என்று சொல்பவரிலேயே பல பிரிவு, தரீக்காக்காரர் வேறு, இது ஒன்றிலும் சேராமல் ஐந்து நேரம் தொழுதுவிட்டு வயலுக்குப் போகிறவர்தான் எங்கள் ஊரில் மிச்சப் பேர் என்று சொன்னேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு "ஒக்கொம எக்கய்" என்றார். எல்லாம் ஒன்றுதான்.

அவரது கோப்புக்குள் ஒரு தமிழ்ப் பத்திரிகைத் துண்டு இருந்தது. எம்மவர் ஒருவர் எழுதிய கட்டுரை. காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் உடுப்பவர், தொழுகையில் விரலை அசைப்பவர், கந்தூரிச் சோறு தின்னாதவர் என்று அடையாளங்கள் வரிசையாக வந்து, கடைசியில் இவர்களும் இவர்களின் ஆதரவாளர்களும் என்று முடிந்திருந்தது. அந்தச் சொல்லின் கீழ் சிவப்புப் பேனையால் கோடு. பக்கத்தில் சிங்களத்தில் அர்த்தம் எழுதியிருந்தார்கள்.

"இவங்க எத்தன பேர், சேர்?" என்று மற்றவர் கொச்சைத் தமிழில் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் நிரலில் ஏதோ ஓர் எண்ணை எழுதிப் படிவத்தை மடித்தார். என்ன எண் என்று நான் பார்க்கவில்லை.

லுஹருக்குப் பள்ளிக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னரே போயிருந்தது. வழமையாக இரண்டு ஸஃப் நிற்கும். அன்றைக்கு ஒரு ஸஃபும் நிரம்பவில்லை.